கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

மூட்டு இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது சிஸ்டர் அன்புக்கரசிக்கு. ஆப்பிரிக்காவில், லெசோத்தோ மலைமேல் பதினாறு வருஷம் நர்ஸ் வேலை. இனி ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், பிறந்த திண்டுக்கல்லிலேயே கிடந்துவிடலாம் என்றுதான் இந்த லீவில் வந்திருந்தாள். திரும்பிப் போகிறாளா, இங்கேயே இருக்கிறாளா என்று ஞாயிற்றுக்கிழமை மடத்துத் தலைவியான மதருக்குச் சொல்லியாக வேண்டும்.

அவள் வேலை பார்த்த தபானா, அதுவும் ஓர் ஊரா! சாமியார்கள் குதிரையில் ஏறிப்போய் ஒரு கோயில் கட்டினார்கள். அதை ஒட்டிப் பள்ளிக்கூடம், அப்புறம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை நம்பி நாலு கடை, கடையை நம்பி ஒரு பஸ். அவ்வளவுதான், ஊராகிவிட்டது. அங்கே குளிர்காலமான ஜூன் மாதம் பனி கொட்டினால் அந்தப் பஸ்சும் வராது. கம்பளி போர்த்திய சனம் பிள்ளைத்தாச்சியைக் குதிரையில் உட்கார வைத்துக் கூட்டிவரும். ஒருவாய்க் கஞ்சி நிம்மதியாகக் குடிக்க விடமாட்டார்கள். அலுத்துப் போயிற்று அவளுக்கு.

"இங்கயே இருந்துரு அக்கா" என்றான் தம்பி ராயப்பராஜ். அவன் மனைவி செபாஸ்தியம்மாளும், "ஆமா சிஸ்டர், இருங்க" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. வீட்டுக்கு வீடு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த செத்தவர் பெயர்களை, சாமியாருக்கு ஒத்தாசை செய்யும் கோயில்பிள்ளை நோட்டைப் பார்த்து வாசித்தார். அப்பா பெயர் வந்தது. அம்மா பெயர் வந்தது.

"சிஸ்டர் அன்புக்கரசி, ஆப்பிரிக்கா."

அட ஆண்டவரே! அவள் பதறிப்போய்த் தம்பியைப் பார்த்தாள். செபாஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ சிஸ்டர், நீங்க போன மறுவருசம் சொகமா இருக்கணும்னு சீட்டுல கடைசியா ஒங்க பேரயும் எழுதிக் குடுத்தேன். அத இந்தக் கோயில்பிள்ளை செத்தவுக நோட்டுல ஏத்திப்புட்டாரு."

"அன்னையிலருந்து வருசா வருசம் வாசிக்கிறாரா? நீங்க அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டா இருந்தீக?"

ராயப்பராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சுக்கா."

சுற்றிலும் பார்த்தாள். சொந்தக்காரர், தெருக்காரர், கூடப் படித்தவர் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். அவள் பெயரைக் கேட்டும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

"தம்பி, காலையில என்னய மதர்கிட்டக் கொண்டுபோய் விடு. திரும்பப் போறேன்னு சொல்லணும்."

"ஒடம்புக்கு ஏலலைன்னு சொன்னியேக்கா?"

"ஏலலதான். ஆனா அங்க நான் இன்னும் சாகலடா."