ஆமையின் கட்டைவிரல்

நூற்று நாற்பத்தொரு நாட்கள் என் அப்பா மாலை ஐந்தேகால் மணிக்கு என்னைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பார்ப்பது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு, மூன்று விடுமுறை நாட்கள் போக மொத்தம் தொண்ணூற்றெட்டு நிகழ்ச்சிகள்.

திரையில் நான் தெரியமாட்டேன். அப்பாவும் தெரிந்ததில்லை. தெரிவது ஓர் ஆமை. பெயர் அவசரம். பச்சை வேலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, இதோ கிளம்பிவிட்டேன் என்று இருபத்தாறு வருடங்களாகக் குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதுவரை எங்கும் போனதில்லை. அப்பாவிடம் இன்னொரு பாத்திரமும் இருந்தது. ஒரு கரடி. வாரத்தில் இரண்டு நாள் வந்து குறட்டை மட்டும் விடும். இரண்டு பொம்மைக்குள்ளும் இருந்தது அப்பாவின் இடது கை. அவர் இடது கைக்காரர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கையும் இடது காலும் நின்றுபோயின. பக்கவாதம் என்றார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பேச்சு போயிருந்தா வீடாவது கொஞ்சம் அமைதியா இருந்திருக்கும்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லிவிட்டு அம்மா அழுதாள்.

டிவி நிலையத்தில் ஒன்பது நிகழ்ச்சிகள் பதிவாகிக் கையிருப்பில் இருந்தன. பத்தாவதுக்கு ஆமை வேண்டும். டைரக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே போய் அப்பாவைப் பார்த்தார். வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

"வீட்ல யாருக்காவது அந்தக் குரல் வருமா?"

"இவளுக்கு வரும்" என்றாள் அம்மா. "சொந்தக் குரல்தான் வராது."

நான் வேதியியல் படித்தவள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கப் பாட்டில்களோடு இருக்கலாம். பாட்டில்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உயரமான ஒரு மேடைக்கு அடியில் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே ஆமையைத் தூக்கிப் பிடிக்கப் போனேன். அங்கே இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஆமையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. இதைவிட வசதியான வேலை எனக்கு அமையாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கைதான் சிக்கல். பொம்மையின் தலைக்குள் இடது கை இருந்தால், ஆட்டுபவரின் வலது கை ஒரு கம்பியைப் பிடித்து ஆமையின் வலது கையை அசைக்கும். நான் வலது கைக்காரி. என் வசதிக்கு வலது கையை நுழைத்தால் ஆமை இடது கையை ஆட்டும்.

"இருபத்தாறு வருஷமா வலது கையால டாட்டா காட்டுது. திடீர்னு மாத்திக் காட்டினா குழந்தைங்க லெட்டர் போட்டே கொன்னுடும்" என்றார் டைரக்டர்.

அதனால் நானும் இடது கையையே நுழைத்தேன். அதுவரை என் இடது கை, வலது கை வேலை செய்யும்போது எதையாவது பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அதன் அனுபவம்.

பொம்மை பேசும்போது கட்டைவிரல் மட்டும் இறங்கி ஏற வேண்டும். மேலே இருக்கும் நாலு விரலும் அசையக்கூடாது. அசைந்தால் தாடைக்குப் பதிலாக மண்டை திறக்கும், பெட்டி மூடியைப் போல. என் அவசரம் முதல் ஒரு மாதம் பெட்டி மூடியைப் போலத்தான் பேசியது.

ஆமைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கோழி அத்தை உண்டு. அந்தக் கோழியை ஆட்டுபவர் பெரிய மீசைக்காரர். ஊருக்கெல்லாம் கோழியண்ணன், எனக்கு மாமா. பதினெட்டு வருடம் அப்பாவோடு அதே மேடைக்கு அடியில் கிடந்தவர்.

"உன் கட்டைவிரல் தூங்குது பாரும்மா" என்பார். "எழுப்பணுமா? கொக்கரிக்கட்டுமா?"

பக்கவாதம் வந்த இருபத்துநாலாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். மணி ஐந்தேகால். அந்த நேரத்தில் அவர் எப்போதும் மறுநாளைக்கான ஒத்திகையில் இருப்பார். எனக்காக அதைக் காலைக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து தன் நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. டிவியில் ஆமை எட்டிப் பார்த்தது.

"யாரு பண்றா?" என்றார்.

அம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை. "யாரு பண்ணுவா? பழசத்தான் போடுறாங்க. நீங்க திரும்பிப் போற வரைக்கும் பழசுதானாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யில் எனக்கு வசனம்கூட இல்லை.

நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் பெயர்களும் காட்டிக்கொடுக்கவில்லை. 'அவசரம்: அவசரம்' என்றுதான் போடுவார்கள். உள்ளே ஆள் இருப்பது குழந்தைகளுக்குத் தெரியக்கூடாது என்பது அப்பா போட்ட விதி.

மனதைக் கலக்கும் எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா மருந்துச் சீட்டைப் போல வைத்துக்கொண்டாள். மூன்று வேளையும் பயன்பட்டது. அப்பா தினமும் காலையில் துணி மாட்டும் கிளிப்பை இடது கையால் அமுக்கிப் பழகினார். "அடுத்த மாசம் கிளம்பிடுவேன்" என்பார். உங்கள் இடத்தில் ஆள் வந்தாகிவிட்டது என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. எனக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருந்தது. சொன்னால், ஆமையைத் திரும்பக் கேட்பார்.

அவரைப் பொறுத்தவரை நான் சோதனைக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்பார் சாயங்காலம்.

"நல்லா இருக்குப்பா."

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"பாத்தியா? நாலு விரலும் தூக்குது. இது எப்ப எடுத்தது?"

"தெரியலப்பா."

"வேலிக்குப் பச்சை அடிச்சே ரெண்டு வருஷம்தான் ஆகுது. இதுல வேலி பச்சையா இருக்கு." யோசித்தார். "அப்ப, படுக்கறதுக்கு முன்னாடியே என் கட்டைவிரல் போயிருக்கு."

ஆமை டாட்டா காட்டி முடித்ததும், "ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

மறுநாள் கோடு போட்ட நோட்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். வலது கையால் எழுதினார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. 'திங்கள். நாலாம் நிமிடம். கட்டைவிரல் விட்டுப்போனது, மூன்று முறை. புதன். மணிக்கட்டு தொங்குகிறது. ஆமை வானத்தைப் பார்க்கிறது.' நான் ஆபீஸ் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய என் தப்புகளை அவர் தன் பெயரில் எழுதுவதைப் பார்ப்பேன். ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டார்.

நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். அதுவும் நோட்டில் ஏறியது. 'இன்று பரவாயில்லை. போன வாரம் மோசம். வந்து வந்து போகிறது.'

ஒரு வெள்ளிக்கிழமை, ஆமை பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும் காட்சி. ஏழு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அப்பா பேனாவை மூடாமல் கடைசிவரை பார்த்தார்.

"இத எப்படா பண்ணினேன்?" என்றார். "ஒரு குறை சொல்ல முடியல. வாழ்க்கையில இந்த மாதிரி நான் பண்ணினதே இல்ல."

நான் சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவினேன். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"சிரிக்காத. கேக்கும்."

"சிரிக்கலம்மா."

"அழுவாத. அதுவும் கேக்கும்."

"சொல்லிடலாம்மா."

"என்னன்னு? உங்க பொண்ணு உங்கள விட நல்லா பண்றான்னா? கையில கிளிப்ப வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட? இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்."

அப்பா வீட்டுக்கு வந்த நூற்று முப்பத்துநாலாம் நாள் கோழி மாமா அவரைப் பார்க்க வந்தார். வாசலிலேயே அம்மா அவரை நிறுத்தி, உள்ளே என்ன பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். என்ன பேசலாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

அப்பா நோட்டை அவர் மடியில் வைத்தார்.

"ரெண்டு வருஷமா எனக்குக் கட்டைவிரல் விட்டுப்போயிருக்கு. பக்கத்துல கிடந்தவன் நீ. உனக்குத் தெரியாதா?"

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மீசையைத் தடவினார். தெரியாது என்று சொன்னால் கண்ணில்லாதவர் ஆவார். அப்படி எதுவும் இல்லை என்றால், நோட்டில் இருப்பது யார் தப்பு என்ற கேள்வி வரும்.

"தெரியும்ணே" என்றார்.

"ஏன்டா சொல்லல?"

"மரியாதைக்குத்தான்ணே."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். மாமா டீயைக் குடிக்காமல் கிளம்பினார். படியிறங்கும்போது என்னிடம், "நான் கோழிக்குத்தாம்மா லாயக்கு" என்றார்.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. கிளிப்பை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். மறுநாள் காலை அம்மாவிடம், நரம்பு டாக்டரிடம் நாள் கேட்கச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கிடைத்தது.

டாக்டரின் அறையில் மூன்று நாற்காலிகள், அப்பா நடுவில். டாக்டர் இளைஞர். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் வந்த போனை எடுக்கவில்லை.

"இவ்வளவு ஒழுங்கா எழுதி வெச்ச பேஷண்ட் எனக்குக் கிடைச்சதே இல்ல" என்றார். "நானும் சின்ன வயசுல அவசரம் பாத்தவன்தான் சார்."

"கடைசி ரெண்டு வருஷம் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் அப்பா. "அதுவரைக்கும் நல்லது."

"ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. அதுவும் ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்ல. அப்போ இது வெறும் பக்கவாதம் இல்ல. வேற நரம்பு வியாதி ஏதோ அடியில இருக்கணும்." டாக்டர் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கற மாத்திரைய நிறுத்தணும்."

"நிறுத்தினா?" என்று கேட்டேன். அறைக்குள் வந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை.

"மறுபடி அடைப்பு வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. சாதாரணமா நிறுத்த மாட்டோம். இங்க காரணம் வலுவா இருக்கு." பேனாவால் நோட்டைத் தட்டினார். "இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது பாக்காம விட முடியாது."

"சாட்சியும் இருக்கு" என்றார் அப்பா.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. தீர்ப்பைக் கேட்டு ஒப்புக்கொண்ட ஆளைப்போல இருந்தார்.

"ஊசிக்கெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். "அப்பவே தெரிஞ்சிருந்தா நானே எழுந்து போயிருப்பேன். ரெண்டு வருஷம் குழந்தைங்களுக்குப் பெட்டி மூடியக் காட்டியிருக்கேன். அதுதான் தாங்கல."

டாக்டர் தாளைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். "வீட்டாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். மேல இருக்கற விவரமெல்லாம் நோயாளியைப் பத்தினது, உண்மைன்னு."

"நீ போடும்மா, எனக்குக் கண்ணாடி இல்ல" என்றாள் அம்மா. கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

பேனா என் கைக்கு வந்தது. சோதனைக்கூடத்தில் பலவகைத் தப்புகள் நடக்கும். குடுவை உடையும். அமிலம் கொட்டும். மேஜை எரிந்ததும் உண்டு. அதற்கெல்லாம் ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்தால் போதும். ஒரு வீட்டுத் தண்ணீரில் இன்னொரு வீட்டுப் பெயரை ஒட்டி அனுப்புவதற்கு மட்டும் படிவம் கிடையாது. வேலைதான் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

தாளைப் படித்தேன். நோயாளியின் பெயர். வயது அறுபத்திரண்டு. இடது கட்டைவிரல் பலவீனம், இரண்டு வருடங்கள், ஏற்ற இறக்கத்துடன். நிறுத்த வேண்டிய மாத்திரையின் பெயர் பெரிய எழுத்தில்.

"எங்க போடணும்னு தெரியலையா?" என்றார் அப்பா. "கீழ, கோட்டு மேல."

அம்மாவின் செருப்பு என் காலை அழுத்தியது. பேனாவைத் தாளின் மேல் வைத்தேன்.

"இல்லப்பா" என்றேன்.

"என்ன இல்ல?"

டாக்டரும் நிமிர்ந்து பார்த்தார். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கைக்கு மேலே ஆமை இல்லை.

"அது பழைய எபிசோடு இல்லப்பா. நீங்க அஞ்சு மாசமா பாக்கறது உங்க கை இல்ல, என் கை."