அப்பா வீட்டு சூப்

கத்தி இறங்கும்போதெல்லாம் பலகை துள்ளிக் குதித்தது. பார்த்தால் இஞ்சி, வெட்டினால் விறகு. இந்தப் பேரரத்தைக் கிழங்குக்காகவும் ஒரு கட்டு எலுமிச்சைப் புல்லுக்காகவும் அவள் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தாள், அரை நாள் லீவு வேறு. எதற்கு? ஒரு சூப்புக்கு! தாய்லாந்து கோழி சூப்பாம். அதுவும் யார் வைக்கிற சூப்பாம்? பதினாலு வருஷக் குடித்தனத்தில் வெந்நீர் வைக்கக்கூட அடுப்படியை எட்டிப் பார்க்காத மகராசன் வைக்கிற சூப்பாம்! கேட்ட நாளிலிருந்து அவளுக்கு வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அந்த மகராசனும் அவளும் பிரிந்து இரண்டு வருஷமாகிறது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கிவிட்டாள் என்று ‘பொடிசு’ என்று கூப்பிட ஆரம்பித்தது, இன்னும் அதுதான் ஓடுகிறது. பள்ளிக்கூட நாளெல்லாம் அம்மா வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து கூட்டிப்போவான், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவான். இதுவரை அதில் ஒரு தகராறும் இல்லை. போன வாரம் சாப்பிடும்போதுதான் பொடிசு அந்தப் பேச்சை எடுத்தாள்.

“அப்பா வீட்ல தாய்லாந்து சூப்பு உண்டும்மா. செமையா இருக்கும்.”

“யாரு வைக்கிறது?”

“அப்பாதான்,” என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். கொஞ்ச நேரம் எதையோ கிளறிக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த வருஷம் நான் அங்கயே இருந்துக்கட்டுமா? சனி ஞாயிறு இங்க வந்துடறேன்” என்றாள்.

பாக்கலாம் என்று மட்டும் அம்மா சொன்னாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவியபோது இரண்டு டம்ளர் உடைந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. சக்கரம் சுற்றச் சுற்ற, தண்ணீர் சொட்டச் சொட்ட, விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். கை நிதானம் தவறக்கூடாது. இந்த வாரம் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டித் தொலைத்தாள். போட்டுக்கொண்ட ஆள் கடைக் கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றார். கல்லாவில் உட்காரும் பெண் பின்னறைக்கு வந்து, “அக்கா, லென்ஸ தேய்க்கிறீங்களா, உங்க பழைய வீட்டுக்காரரையா?” என்றாள்.

“அவன் எங்கடி தேஞ்சான்? நான்தான் தேஞ்சேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாளே தவிர, உள்ளே கொதி அடங்கவில்லை. காய்ச்சலில் படுத்தால் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போடுவது யார்? பேன் பார்ப்பது யார்? பல்லைத் தேய், நகத்தை வெட்டு, உட்கார்ந்து படி என்று நச்சரித்துக் கெட்ட பேர் வாங்குவது ஒருத்தி, வாரத்துக்கு ரெண்டு நாள் சூப்பு ஊற்றிக் கொடுத்து நல்ல பேர் தட்டிக்கொண்டு போவது இன்னொருத்தனா? கறிவேப்பிலை மாதிரி அவளை ஓரமாகத் தூக்கிப் போடுவார்களாம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாளாம்! நடக்கிற கதையா? சூப்புதானே? அவனுக்கு வந்தது அவளுக்கு வராதா என்ன?

வரவில்லை. அதுதான் கொடுமை. போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் போட்டாள். கிழங்கு, புல், எலுமிச்சை இலை, காளான், கோழி, பச்சை மிளகாய், ஊரையே கூட்டுகிற நாற்றத்தோடு மீன் சாஸ். தேங்காய்ப் பாலை ஊற்றி, தீயைக் கூட்டி, கையோடு ஒரு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டாள். கண்ணெதிரே பால் திரிதிரியாகப் பிரிந்தது. மேலே எண்ணெய், கீழே தண்ணி, நடுவில் தயிர்க் கட்டி. “நாசமாப் போச்சு!” என்று கரண்டியைத் தொட்டிக்குள் விட்டெறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பொடிசு உள்ளே வந்தாள். பையை நடைவழியிலேயே போட்டுவிட்டு மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தவள், பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஐயய்யோ! எலுமிச்சைய எப்பம்மா புழிஞ்ச? அடுப்ப அணைச்சப்புறம்தான் புழியணும். தேங்காப் பாலையும் தளதளன்னு விடக்கூடாது.”

“தெரியாமப் போச்சு, தாயே. இனிமே உங்கப்பாகிட்ட டியூஷன் வச்சுக்கறேன்.”

பொடிசு அதைக் காதில் வாங்கவில்லை. தலைமுடியை அள்ளி முடிந்தாள். அலமாரியில் இருந்த இன்னொரு டப்பா தேங்காய்ப் பாலை எடுத்தாள், வேறு பாத்திரத்தைக் கழுவி ஏற்றினாள். புல்லைப் பலகையில் வைத்துக் கத்தியின் முதுகால் மடார் மடார் என்று நாலு போடு போட்டு, முறுக்கி முடிச்சாக்கி உள்ளே போட்டாள். இலையை மடித்து நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவினாள். ஒரு வேலைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள், துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, தீயைக் குறைத்தாள்.

அம்மா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் பொறாமைதான் வந்தது. பரவாயில்லை, மனுஷன் பிள்ளைக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்புறம் அந்தக் கையையே பார்த்தாள். பார்த்துப் பழகிய கை இல்லை அது, செய்து பழகிய கை. சட்டைக் கை மேலே ஏறியபோது மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு தழும்பு தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டேன் என்று சொன்ன தழும்பு. விழுந்தால் தோல் உரியும். இப்படிக் கோடு இழுத்த மாதிரியா விழும்?

பொடிசு அடுப்பை அணைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். அப்பா வருகிற நேரம், அதனால் அவனுக்கும் சேர்த்து. பிறகு ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்திலிருந்து மட்டும் புல், கிழங்குத் துண்டு, இலை, மிளகாய் என்று ஒவ்வொன்றாகக் கரண்டியால் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள்.

“அதெல்லாம் எதுக்குடி பொறுக்கற? ஓரமா ஒதுக்கிட்டுக் குடிச்சுக்கலாம்னுதான் வீடியோல சொன்னான்.”

“அப்பாவுக்கு வாயில தட்டுப்பட்டா பிடிக்காதும்மா. அப்புறம் சாப்பிடவே மாட்டாரு.”

அம்மாவுக்குப் பொறி கலங்கிப் போயிற்று. அவளுக்குத் தெரியாதா இந்த வேலை! பதினாலு வருஷம் அவன் தட்டிலிருந்து மிளகும் பட்டையும் கிராம்பும் பொறுக்கிப் போட்டவள் அவள். பொறுக்கி முடித்து, அவன் முகம் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத் தன் தட்டுக்கு வருவதற்குள் அது ஆறி அவலாகிவிடும். பதினாலு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சூடாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

“இங்க பாரு. அங்க சூப்பு வைக்கிறது யாரு?”

பொடிசு பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“உன்னத்தான் கேக்கறேன்!”

“அப்பா களைச்சுப் போய் வர்றாரும்மா. முதல்ல ஹோட்டல்லதான் வாங்குனாரு, வயித்துக்கு ஒத்துக்கல. ஒரு நாள் நான் வச்சேன். உங்கம்மாவே தோத்துடுவான்னாரு. அப்புறம் நானே...” குரல் இறங்கியது. “நீ திட்டுவேன்னுதான் அப்பான்னு சொன்னேன்.”

“அடுத்த வருஷம் அங்க இருக்கணும்னு சொன்னியே, அது உன் ஆசையா?”

“நான் இல்லாத நாள்ல பிஸ்கெட்ட தின்னுட்டுப் படுத்துக்கிறாராம். போன்ல சொல்றாரு.”

“உன் ஆசையான்னு கேட்டேன்.”

பொடிசு தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். “நீ சமாளிச்சுக்குவம்மா. அவரு சமாளிக்க மாட்டாரு.”

அம்மாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. மகளை அடித்துப் பிடுங்கிக்கொண்டு போகிறான் என்று இத்தனை நாள் வயிறெரிந்தாளே, அதுகூடத் தேவலை. அவன் ஒன்றையும் பிடுங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். இவள் விட்டுவந்த இடத்தில் இவள் பெற்ற பிள்ளை தானாகப் போய் நின்றுகொண்டிருக்கிறது. இவள் நின்றதைப் பார்த்துத்தானே கற்றிருக்கும்? அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“ஆசைப்பட்டு அங்க இருக்கேன்னா இரு. நான் தடுக்க மாட்டேன். ஆனா யாருக்கும் பொங்கிப் போடறதுக்காக நீ எங்கயும் இருக்கக் கூடாது. கேட்டுச்சா?”

வாசல் மணி அடித்தது.

“ஆஹா, என்ன வாசனை! என் பொடிசு கைவரிசையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவன், பழைய பழக்கத்தில் நேராகச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பையில் ஸ்பேனர் இரண்டு துருத்திக்கொண்டிருந்தது. பொறுக்கி வைத்த கிண்ணத்தைப் பொடிசு அவன் முன்னால் வைத்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து அந்தச் சின்னத் தட்டை எடுத்து வந்தாள். புல்லையும் கிழங்கையும் இலையையும் அப்படியே அவன் கிண்ணத்தில் கவிழ்த்தாள். சூப்பு தெறித்து அவன் சட்டையில் விழுந்தது.

“உனக்கென்ன பைத்தியமா?”

“பொறுக்கிட்டுக் குடி.” பதினாலு வருஷம் ‘நீங்க’ போட்ட வாய், பிரிந்த பிறகும் போட்ட வாய், இன்றைக்குப் போடமாட்டேன் என்றது. “பத்து மாடி லிஃப்ட்டப் பிரிச்சு மாட்டுற கைக்கு நாலு இலை பொறுக்க வராதா? இவ மணிக்கட்டப் பாத்தியா நீ?”

“பாத்திரம் சுட்டுடுச்சு. பாத்துச் செய்யுடான்னு சொன்னேனே.”

“பாத்துச் செய்யுன்னு சொன்னியா! அடடா, என் ராசா! எந்திரிச்சு நீ செய்யணும்னு தோணல, அப்படித்தானே? பசிக்குதுன்னு பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு போன் போட வெக்கமா இல்ல? இனிமே உன் வீட்டு அடுப்ப நீ பத்த வை. முடியலன்னா பட்டினி கிட. அவ அங்க வந்தா உன் பொண்ணா வருவா. சமையக்காரியா வரமாட்டா.”

அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டான். பொடிசு தன் கிண்ணத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள், கண் நிரம்பியிருந்தது. அப்போது அவன், யோசித்துச் செய்தானா கை தானாகச் செய்ததா தெரியாது, கிண்ணத்தை மெல்ல மகள் பக்கம் நகர்த்தினான்.

பொடிசின் கரண்டி எழுந்தது. அவன் கிண்ணத்துக்கு மேலே பாதி வழியில் நின்றது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். இதை அவள் சொல்லி நடக்கக் கூடாது.

பொடிசு மூக்கை உறிஞ்சினாள். கிண்ணத்தை ஒரு விரலால் அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

“நீங்களே பொறுக்கிக்கங்கப்பா,” என்றாள். “எனக்கு ஆறிடும்.”

சொல்லிவிட்டுத் தன் சூப்பை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.