இரண்டாம் நம்பர் பெஞ்சு

அண்டாத் தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள் அன்னப்பழம். செத்துப்போன புருஷனுக்குச் சூடாவது குளிராவது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் முப்பத்தாறு வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. இன்னும் ஒரு செம்பு வெந்நீர் விடலாம் என்று திரும்பியபோதுதான் தெருமுனையில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது.

நாலு பேர் ஒரு வெள்ளை வேட்டியை நான்கு முனையிலும் பிடித்துத் தலைக்குமேல் விரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த நிழலில் நல்லக்கண்ணு ஈர வேட்டியோடு தோளில் மண்குடத்தைச் சுமந்து வந்தான். அவனுக்குப் பின்னால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அவன் பெண்டாட்டி பேச்சி.

நீர்மாலை எடுத்து வருகிறார்கள். செத்தவரைக் குளிப்பாட்ட, மகனோ மகன் முறைக்காரனோ கிணற்றில் முங்கி எடுத்து வரும் தண்ணீர் அது. சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் நடக்கிறதுதான். ஆனால் இது வேதக்கார வீடு. இந்தக் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதிலிருந்து இந்த வாசலுக்கு நீர்மாலை வந்ததில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சபைச் செக்ரட்டரி ஆசீர்வாதம் குடையை ஊன்றி எழுந்தார்.

"ஏலே, நில்லு. என்னலே இது கூத்து?"

"தண்ணிங்கய்யா." நல்லக்கண்ணு குடத்தை இறக்காமலே சொன்னான். "பெரியவருக்குப் பிள்ளை இல்லைன்னாங்க. தண்ணி எடுக்க ஆளில்லாமப் போயிரக் கூடாதுல்லா, அதான்."

"ஒண்ணரை மாசமாக் கோயிலுக்கு வாறிய. நம்ம சபையில இதெல்லாம் கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லலையா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்கய்யா. கடைசியில பாய்ல உக்காரச் சொன்னாங்க. உக்காந்திருக்கோம்."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னான். ஆசீர்வாதத்துக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

ரயிலடிக்குப் போகிற ரோட்டில் இருக்கிற அந்தக் கோவிலுக்கு நாற்பத்தேழில் சபைகள் ஒன்றானபோதே பலகையில் பெயர் மாறிவிட்டது. ஆனால் ஊர் வாயில் இன்றைக்கும் அது மெதடிஸ்ட் கோவில்தான். மற்றக் கோவில்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக உட்காருவார்கள். இங்கே முன்வரிசை நாலு பெஞ்சிலும் குடும்பம் குடும்பமாக உட்காருவது வெள்ளைக்காரர் காலத்து வழக்கம். கோவில் கட்டக் கல் சுமந்த நாலு குடும்பங்களுக்கு அந்த நாலு பெஞ்சு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பித்தளைத் தகடு. இரண்டாம் நம்பர், செத்துக் கிடக்கும் வேதக்கண்ணுவின் பாட்டனார் காலத்திலிருந்து வருவது.

வேதக்கண்ணு அதில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ரயில் வரும் முன்பே போய் நிற்கிற பழக்கமோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே கோவில் வாசலில் நிற்பார். புதுமுகம் யாராவது படியேறத் தயங்கினால் கையைப் பிடித்து நேரே இரண்டாம் நம்பர் பெஞ்சுக்குக் கூட்டிப்போய், தோளில் கிடக்கும் துண்டால் பலகையைத் துடைத்து, "உக்காருங்க, உங்க இடந்தான்" என்பார். மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டர், பேங்க்கு மேனேஜர், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்துவிட்டு வேடிக்கை பார்க்க நுழைந்தவன், எல்லாருக்கும் அதே துடைப்பு, அதே வார்த்தை. அந்தப் பெஞ்சுக்கு உரிமைக்காரியான அன்னப்பழம் பாதி ஞாயிறுகளில் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறாள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்க. இங்கன நெய்யும் எங்க வீட்டு நெய்யால்லா இருக்கு" என்று திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருக்கிறாள்.

அப்போதெல்லாம் கமிட்டி ஒன்றும் சொன்னதில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து தறி வேலைக்கு வந்த நல்லக்கண்ணு குடும்பமும் அவன் தம்பி குடும்பமும் வந்தபோதுதான் கமிட்டிக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. புதிதாக வருகிறவர்கள் சபையில் சேர்த்துக்கொண்டதாகப் பெயர் வாசிக்கப்படும் வரை பின்னால் பாயில்தான் உட்கார வேண்டுமாம். பெயர் வாசிக்கிற தேதியை மூன்று தடவை தள்ளிப்போட்டார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாயால் சொல்லவில்லை.

வேதக்கண்ணு கமிட்டியில் சண்டை போட்டு ஒரு தேதி வாங்கினார். அது இந்த ஞாயிறு. போன வாரம் இதே வாசலில் நின்று பேச்சியிடம் சொல்லிக் கொடுத்தார். "பயப்படாத மக்கா. ரெண்டாம் நம்பர் பெஞ்சில உக்காருதிய. போதகர் ஐயா பேரு வாசிப்பாரு. வாசிச்சதும் எந்திரிச்சு நில்லுங்க. அம்புட்டுதான்."

அன்னப்பழத்துக்கு அது பிடிக்கவில்லை. நேற்று சனிக்கிழமை காலையில் அவரிடம் நேராகவே சொன்னாள்: "ஸ்டேஷன் மாஸ்டருக்கு எந்திரிச்சேன். சரி. இவங்க உக்காந்தா அந்தப் பெஞ்சில நான் உக்கார மாட்டேன்." அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அவள் புளி உருண்டையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைதோறும் அந்தப் பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் அவளுக்கு வாரம் முடியாது. தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத் திரும்பியபோது அவர் ஈஸிசேரில் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த முகத்தோடு போய்ச் சேர்ந்திருந்தார். மறு கன்னத்தை அவள்தான் மழித்தாள்.

இன்று காலை ஆராதனையில் பெயர் வாசிக்கவில்லை. துக்க வாரமாம். ஆசீர்வாதம் அப்படிச் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னபோது, கேட்டவுடன் அன்னப்பழத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஆசீர்வாதம். "ஏலே, குடத்தை அந்தச் சாக்கடையில கொட்டிட்டு, சத்தம் போடாம ஓரமா நில்லுங்க. கோயிலுக்குள்ளயும் இன்னைக்கு வேண்டாம். வேப்பமரத்தடியில நிக்கலாம்."

நல்லக்கண்ணு குடத்தோடு அப்படியே நின்றான். ஆடிக் காற்று மேலாப்பு வேட்டியைப் படபடவென்று அடித்தது. பேச்சி அன்னப்பழத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா, தப்பாப் போச்சுன்னா மன்னிச்சிருங்க. எங்களுக்கு இதுதான் தெரியும்."

அன்னப்பழம் படியிறங்கினாள்.

"எந்தக் கிணத்துத் தண்ணி?"

"ரயிலடிக் கிணறு. பெரியவரு குளிக்கிற கிணறுன்னு சொன்னாங்க."

"அங்கனருந்தா சுமந்துட்டு வாறே?"

"ஆமா பெரியம்மா. இறக்கி வைக்கக் கூடாதுல்லா."

அவள் அண்டாவைப் பார்த்தாள். வெந்நீர் கலந்து, கை வைத்துப் பதம் பார்த்த தண்ணீர். காலால் ஒரு தள்ளு தள்ளினாள். தண்ணீர் முற்றமெல்லாம் ஓடி ஆசீர்வாதத்தின் செருப்பை நனைத்தது.

"கொண்டா இங்க" என்றாள்.

"அக்கா!"

"தம்பி, எம் புருஷனுக்குச் சொந்தம்னு சொல்லிக்கிட்டு நேத்துலருந்து எத்தனை பேரு வந்தாங்க, எண்ணிப் பாத்தீரா? நாப்பது பேரு. நாற்காலி போட்டு, காப்பி குடிச்சாங்க. ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி கொண்டு வரல. நீரும் கொண்டு வரல."

"இது அஞ்ஞான வழக்கம். ஐயா காதுக்குப் போனா அடக்கத்துக்கே வர மாட்டாரு."

"வராட்டிப் போறாரு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ங்கிறது நம்ம கோயிலுக்கும் சேத்துத்தான் சொல்லி வச்சிருக்கான் போல."

ஆசீர்வாதம் குரலைத் தாழ்த்தினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். எந்தப் பிள்ளையை எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று தெரியும்.

"நான் சொல்லுததைக் கேளுங்க. ரெண்டாம் நம்பர் வாரிசு இல்லாத பெஞ்சு. இனி அது சபைக்கு. நீங்க இருக்க மட்டும் உங்களுக்குன்னு கமிட்டியில பேசி வச்சிருக்கேன். அதை நீங்களே கெடுத்துக்கிடாதீங்க."

அன்னப்பழத்துக்கு வலிக்கத்தான் செய்தது. அந்தத் தகட்டின் ஒவ்வொரு கீறலும் அவள் விரலுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சபை மொத்தமும் பார்க்க அதில் உட்கார்ந்தபோதுதான் தான் ஓர் ஆள் என்று அவளுக்கே தோன்றியது. பிள்ளை இல்லாதவளுக்கு ஊரில் வேறென்ன இருக்கிறது?

"கழட்டிக்கிடுங்க" என்றாள். "ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கொண்டு வாங்க. தேச்சுத் தேச்சு ஆணியெல்லாம் லேசாத்தான் கிடக்கு."

குடத்தை வாங்கி அவளே உள்ளே கொண்டுபோனாள். ஒரு பக்கம் நல்லக்கண்ணு பிடித்துக்கொண்டான். ரயிலடித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. தலையில் ஊற்றும்போது, "இருந்தும் என்னைப் படுத்துனீரு, செத்தும் படுத்துதீரு" என்றாள். அப்போதுதான் அவளுக்கு முதல் அழுகை வந்தது. பேச்சி சும்மா இருக்கவில்லை, ஓங்கி ஒப்பாரி வைத்தாள். சபையில் அதுவும் கூடாது. அன்னப்பழம் அவளை நிறுத்தவில்லை.

மூன்று மணிக்குக் கோயில்பிள்ளை வந்து தலையைச் சொறிந்தான். மணியடிப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது எல்லாம் அவன் வேலை.

"துக்க வீட்டார் பேரு சீட்டு வேணும்மா. ஐயா ஜெபத்துல வாசிக்கணும்."

அடக்க ஆராதனையில் அது வழக்கம். இன்னாரை இழந்து துக்கிக்கிற இன்னின்னார் என்று போதகர் வாசிப்பார். ஆசீர்வாதம் தெருவில் பாடை வண்டியை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். இந்த வீட்டுச் சீட்டில் அன்னப்பழம் என்ற ஒற்றைப் பெயரைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அன்னப்பழம் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் எழுதினாள். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரமானது. நாலாக மடித்துக் கொடுத்தாள்.

"ஐயா கையில குடு. வேற யார் கையிலயும் குடுத்தே, உன்னைத் தொலைச்சிருவேன்."

கோவில் வாசலில் பெட்டி ஏறும்போது நல்லக்கண்ணு குடும்பம் வேப்பமரத்தடிக்குத் திரும்பியது. அன்னப்பழம் நின்றுவிட்டாள். அவள் நின்றதால் பின்னால் வந்த மொத்தக் கூட்டமும் நின்றது.

"ஏட்டி பேச்சி, எங்க போறே?"

"செக்ரட்டரி ஐயா மரத்தடியில..."

"மரத்தடியில மாடு நிக்கும். வா."

ஐந்து பேரையும் முன்னால் விட்டு அவள் பின்னால் நடந்தாள். நல்லக்கண்ணு, பேச்சி, தம்பி இசக்கிப்பாண்டி, அவன் பெண்டாட்டி தங்கத்தாய், அண்ணன் தம்பிகளின் தாய் முருகம்மாள். இரண்டாம் நம்பர் பெஞ்சில் துக்க வீட்டாரைத் தவிர யாரும் உட்காராதபடி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அவள் அதைச் சுருட்டி எடுத்து ஆசீர்வாதத்தின் மடியில் வைத்தாள். முதல் பெஞ்சு அவருடையது. ஆறு பேர் உட்காரும் பெஞ்சு நிறைந்தது. ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். வேதக்கண்ணுவின் துண்டு அவள் தோளில் கிடந்தது.

போதகர் வயதில் சின்னவர். ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சீட்டைப் பிரித்தார். "சகோதரன் வேதக்கண்ணுவை இழந்து துக்கிக்கிற மனைவி அன்னப்பழம்..." என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பெஞ்சைப் பார்த்தார். பிறகு இரண்டாம் பெஞ்சைப் பார்த்தார். அன்னப்பழம் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"நல்லக்கண்ணு" என்று வாசித்தார்.

நல்லக்கண்ணு எழுந்து நின்றான்.

அடக்க ஆராதனையில் பெயர் வாசித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. அது அவனுக்குத் தெரியாது. பேரு வாசிச்சதும் எந்திரிச்சு நில்லுங்க என்று வேதக்கண்ணு சொல்லியிருந்தார். அவ்வளவுதான் தெரியும்.

"பேச்சி." பேச்சி எழுந்தாள். "இசக்கிப்பாண்டி. தங்கத்தாய். முருகம்மாள்." ஒவ்வொருவராக எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். எப்போது உட்கார வேண்டும் என்று வேதக்கண்ணு சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பின்னால் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? முன்வரிசை நிற்கிறது, பாட்டு போலிருக்கிறது என்று பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அடுத்த வரிசை எழுந்தது. சேலைகள் சரசரக்க, பெஞ்சுகள் கிறீச்சிட, கோவில் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. கடைசியாக ஆசீர்வாதமும் மடியில் கிடந்த துணியோடு குடையை ஊன்றி எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "எத்தனாம் பாட்டு வே?" என்று கேட்டார்.

அன்னப்பழம் மட்டும் எழவில்லை. நல்லக்கண்ணு உட்கார்ந்திருந்த இடத்தில் அவன் மாற்றாத வேட்டியின் ஈரம் பலகையில் திட்டாகப் படிந்திருந்தது. அவள் தோளிலிருந்து துண்டை எடுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள்.

"உக்காருங்க" என்றாள்.