ரைஸெலின் சக்களத்தி

லைபிஷ் கோர்ன்கோல்ட் தன் மனைவியின் பெயரை மறந்த காலையில் அவள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றாள். ஆன்ட்வெர்ப் நகரத்து வைரத் தெருவில் யாரும் இதற்காக மூக்கில் விரல் வைக்கவில்லை. அதற்கு முன்பே அவர் மறந்துபோன தேநீர்க் கோப்பையும் பேரனின் போட்டோவும் அந்த வீட்டுக் கூரையில் முட்டிக்கொண்டுதான் இருந்தன. மறதி நோய் வந்த கிழவர் எதை மறக்கிறாரோ அது கனம் இழந்தது, அவ்வளவுதான். ரைஸெல் கோட்டுப் பைகளில் உருளைக்கிழங்கை நிரப்பிக்கொண்டு கடைக்குப் போனாள். ஜெப ஆலயத்தில் மற்ற பெண்கள் மேலே தங்களுக்கென்று இருந்த மாடத்துக்கு மூச்சிரைக்கப் படியேற, இவள் கைப்பிடியைத் தொட்டபடி மிதந்து போனாள். "மூட்டு வலிக்கு இதைவிட வைத்தியம் ஏதுடி?" என்று அடுத்த வீட்டு ஷைன்டெல் கேலி செய்தாள்.

மிதப்பதைக்கூட ரைஸெல் பொறுத்துக்கொண்டாள். ஷ்டோல்ஸைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. போர்க்காலத்தில் நாஜி வதைமுகாமில் லைபிஷின் தம்பியை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்ற காவலன் அவன். பகைவன் பெயரை எடுத்தால் 'அவன் பெயர் அழிந்துபோக' என்று சேர்த்துச் சொல்வது யூதர்கள் வழக்கம். போர் முடிந்ததிலிருந்து லைபிஷ் தினமும் காபிக்கு முன்னால் அப்படிச் சொல்லிவந்தார். அழியட்டும், அழியட்டும் என்று சொல்லியே அந்தப் பெயருக்குத் தினம் மெருகேற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது வைரம் தீட்டிப் பிழைத்த அந்த மனுஷனுக்கு உறைக்கவேயில்லை. நினைவிலிருந்து பிள்ளைகள் போனார்கள், தொழில் போனது, ஷ்டோல்ஸ் மட்டும் குடும்பத் தலைவன் மாதிரி தலைக்குள் உட்கார்ந்திருந்தான். ரைஸெலும் முகாமிலிருந்து வந்தவள்தான். தன் அம்மாவைக் கொன்றவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கட்டின பெண்டாட்டிக்கு இல்லாத இடம் ஒரு கொலைகாரனுக்கா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சக்களத்தி ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்தாவது இருக்கலாம்.

காலைதோறும் அவர் ரொட்டிக் கத்தியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, ஷ்டோல்ஸைத் தேடி ஜெர்மனிக்குப் போக ரயில் நிலையத்துக்குக் கிளம்புவார். அவள் கோட்டு வாலைப் பிடித்தபடி பின்னாலேயே மிதப்பாள். "நீங்க யாரும்மா? நல்லவங்களா தெரியுது. கொஞ்சம் வழி விடுங்க, ஒருத்தனைக் கொல்லணும்" என்பார் மரியாதையாக. "அவன் செத்து எத்தனையோ வருஷமாச்சு லைபிஷ், தூக்கத்துலயே போயிட்டான்" என்பாள். தப்பிவிட்டானே என்று அவர் அழுவார். மறுநாள் அதையும் மறந்து மறுபடி கத்தியை எடுப்பார்.

ஒரு குளிர்காலத்தில், நடைமேடையில் வேகமாக நுழைந்த ரயிலின் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிலையத்தின் இரும்புக் கூரையில் ஒட்டியது. லைபிஷ் திரும்பியும் பார்க்கவில்லை. ஷ்டோல்ஸ், ஷ்டோல்ஸ் என்று காதலி பெயர்போல முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். அதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனை நான்தான் கொன்னேன்!" என்று கூரையிலிருந்து கத்தினாள்.

அவர் நின்றார். "யாரு?"

"நான்தான். ரைஸெல். உன் பெண்டாட்டி. உன்கிட்ட கேக்கல, நானே போய் முடிச்சுட்டேன்."

லைபிஷின் முகம் சிவந்தது. "அவன் என் ஆளு! என் தம்பிக்காக நான் வெச்சிருந்தவன். உன்னை யாருடி கேட்டா? ரைஸெல், உன் பேர் அழிஞ்சுபோக!"

அவள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். அவர் ஓடிவந்து, தப்பிவிடக் கூடாதென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் அவளைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றே ஷ்டோல்ஸின் பெயர் கனம் இழந்து ஜன்னல் வழியாக வெளியேறியது. துறைமுகத்துக்கு மேலே அது கடல் பக்கம் போனதைச் சுமைதூக்கிகள் சிலர் பார்த்தார்கள், வேலை இருந்ததால் நின்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு லைபிஷ் காபிக்கு முன்னால் மனைவி பெயரைச் சொல்லித்தான் சபித்தார்.

"தினமும் சாபம் வாங்கறியே, மனசு கஷ்டமா இல்லையாடி?" என்று ஷைன்டெல் கேட்டாள்.

"என்னைத்தானே சபிக்கிறாரு" என்றாள் ரைஸெல். "வேற எவனையும் இல்லையே."

காலடிச் சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி நடந்தாள்.