நாற்பத்தொன்றின் மடை

"இதுவரைக்கும் பாத்தது உரச் சோதனை. அடுத்தது வறட்சிப் பாத்தி," என்றாள் சயோரா. பதிவேட்டில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு திரும்பின. பிரித்து, பக்க எண்ணைச் சரிபார்த்துக்கொண்டாள்.

தலைநகரிலிருந்து வந்த ஐந்து பேரும் வரப்பில் வரிசையாக அவள் பின்னால் வந்தார்கள். மணி ஒன்பதே முக்கால். அரைக் கிலோமீட்டர் தள்ளி, பண்ணைக் குடியிருப்பின் மூன்றாவது வீட்டில், அவளுடைய அப்பா குஷ்வக்தின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு அது தெரியாது.

விடியற்காலை ஐந்து பத்துக்கு அவர் போய்விட்டார். பத்து நாளாகவே நெஞ்சுவலி. படுக்கச் சொன்னால் கேட்கமாட்டார். வெளிச்சம் வருமுன்பே எழுந்து கால்வாய்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். இன்றும் போனார். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். இன்னொன்றை சயோராதான் கழற்ற வேண்டியிருந்தது.

ஏழு மணிக்குப் பண்ணை இயக்குநர் ஹக்நசர் வந்தார். உண்மையாகவே அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சயோராவை முசுக்கட்டை மரத்தடிக்குக் கூப்பிட்டார். புது ரகத்துக்கு அனுமதி தரும் தலைநகரக் குழு கிளம்பிவிட்டது என்றார். விஷயத்தைச் சொன்னால் துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள், பிறகு அடுத்த வருஷம்தான். இன்று அவர்கள் கையெழுத்துப் போட்டால் நாற்பத்தொன்றாம் எண் பருத்தியின் விதை வசந்தத்தில் கீழ்க்கால்வாய் ஊர்களுக்குப் போய்விடும். ஆகஸ்டில் சொட்டுத் தண்ணீர் வராத ஊர்கள் அவை. அந்தப் பருத்திக்கு குஷ்வக்த் என்றே பெயர் வைக்கப் போகிறார்கள். உப்புத் திட்டில் தனியாக நின்ற ஒரு செடியைக் கண்டுபிடித்து வளர்த்தவர் அவர்தானே.

"நாப்பது நிமிஷம்மா. பாத்தி விவரமெல்லாம் உனக்குத்தான் தெரியும்," என்றார்.

சயோரா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"போ. அவர் பேராவது நிக்கட்டும்."

துக்கத்துக்கு உடுத்திய நீல உடையின் மேல் வெள்ளை வேலைக் கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

வறட்சிப் பாத்திகள் ஆறு. மூன்றில் பழைய ரகம், மூன்றில் நாற்பத்தொன்று. ஜூலை பன்னிரண்டுக்குப் பிறகு ஆறுக்கும் தண்ணீர் கிடையாது, அதுதான் சோதனை. பழைய ரகத்தில் இலைகள் கருகித் தொங்கின. பார்களுக்கு இடையே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்திலேயே நாற்பத்தொன்று கரும்பச்சையாக நின்றது. அடிக்காய்கள் வெடித்துப் பஞ்சு தொங்கியது. வந்தவர்களில் ஒருவர் விசில் அடித்தார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்ததில், பத்து நாளாக சயோரா இந்தப் பக்கம் வரவில்லை. கால்வாயிலிருந்து திரும்பியதும் அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு சொல்வார். "வறட்சிப் பாத்தி. தண்ணி இல்ல. நாப்பத்தொண்ணு வாடல. எழுதிக்கோ." அவள் எழுதிக்கொள்வாள். ஊரில் மாலை வகுப்பு தொடங்கிய முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, கண்ணால் பார்க்காததைப் பதியக் கூடாது என்பது. அதைக் குறிப்பேட்டில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டவள் அவள். ஆனாலும் அவர் அப்பா. இருபத்தாறு வருஷமாகப் பண்ணையின் மடைகளைத் திறந்து மூடியவர்.

நாற்பத்தொன்றின் முதல் பாரில் காலை வைத்ததும் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். வண்டல் வெடித்து, ஓரம் சுருண்டு, அடுப்பில் கருகின ரொட்டித் துண்டுகளைப் போலக் கிடந்தது. தண்ணீர் நின்று வடிந்த இடத்தில்தான் வண்டல் அப்படிச் சுருளும். உப்பு எங்கும் இல்லை. அடுத்த பாரிலும் இல்லை.

மடையைப் பார்த்தாள். பலகை முழுதாக இறங்கவில்லை. அடியில் நீலமாக ஒரு துணி செருகியிருந்தது. அப்பாவின் இடுப்புத் துணி. ஓரத்துச் சிவப்புப் பூக்களை அவள் பதினான்கு வயதில் தைத்தாள்; அதில் ஒன்று கோணல். துணியைச் சுற்றிக்கொண்டு விரல் தடிமனுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் புல்லுக்குள் ஓடியது.

இரண்டு எட்டு வைத்து மடைமேல் போய் நின்றாள். நீல உடையின் விளிம்பு பலகையை மறைத்தது. செருப்புக்குள் தண்ணீர் ஏறியது.

குழுவின் தலைவி சனவ்பர். அதிகம் பேசாத, கனத்த உடம்புக்காரி. ஒரு காயைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"ஜூலை பன்னெண்டுக்கு அப்புறம் இதுக்குத் தண்ணியே விடலியா?"

சயோரா பதிவேட்டைப் பார்த்தாள். எல்லாம் அவள் கையெழுத்துதான்.

"இல்லைன்னுதான் எழுதியிருக்கு."

"எழுதியிருக்கிறத நான் கேக்கல."

ஹக்நசர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். இந்தப் பெண் எழுதினால் சூரியனே அவள் நேரத்துக்குத்தான் உதிக்கும் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சனவ்பர் சிரிக்கவில்லை. சயோராவின் கழுத்துப் பொத்தானைச் சற்று நேரம் பார்த்துவிட்டு நடந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் கையெழுத்து என்று ஹக்நசர் சொல்வது கேட்டது.

போன ஆகஸ்டில் அப்பா வீட்டுக்கு வரும்போது இந்தப் பாத்திகளைத் தவிர்த்து, கால் மணி நேரம் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "செடிங்க கேக்குதுங்க சயோரா. என்னைப் பாத்ததும் தண்ணி கேக்குதுங்க," என்றார். கேலிக்குச் சொல்கிறார் என்று அவள் சிரித்தாள். போன ஆகஸ்டிலும் திறந்திருப்பாரா? அதற்கு முந்தின வருஷம்? பதிவேட்டில் மூன்று வருஷம் இருந்தது.

பதினொரு மணிக்கு வீடு திரும்பினாள். கீழ்க்கால்வாயிலிருந்து சித்தப்பா நெமத் வந்துவிட்டிருந்தார். வாசலில் ஆண்கள், துக்க வீட்டு வழக்கப்படி, அங்கியை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நெமத்தின் அங்கி மட்டும் தொளதொளவென்று திறந்திருந்தது. அண்ணனின் இடுப்புத் துணியைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாராம். வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டாத வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, "தொப்பியத் தொலைச்சிட்டு ஊரெல்லாம் தேடுவாரு. இப்ப இதைத் தொலைச்சிட்டு ஆளே போயிட்டாரு," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நெமத் சயோராவைத் தனியே நிறுத்தினார்.

"கையெழுத்து ஆயிடுச்சா?"

"மத்தியானம்."

"போன வாரம் அண்ணன் போன்ல சொன்னாரு. அடுத்த ஆகஸ்டுல நீ தண்ணிக்காக எவன் சட்டையையும் பிடிக்க வேணாம்டான்னாரு. ஏழு ஹெக்டேர்லயும் நாப்பத்தொண்ணுதான் போடப் போறேன்." ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார். "கோதுமை நிலத்தையும் உழுதுட்டேன்."

அவருடைய கைகள் உப்பில் வெடித்திருந்தன. அவள் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி மடையில இருக்கு, சித்தப்பா."

"எந்த மடையில?"

"நாப்பத்தொண்ணு."

நெமத் கால்வாயின் கடைசியில் பிறந்து வளர்ந்த ஆள். பலகை முழுதாக இறங்காமலும் தண்ணீர் சத்தம் போடாமலும் இருக்கத்தான் மடையில் துணி செருகுவார்கள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் அவளைப் பார்த்தார், பிறகு அண்ணன் கிடந்த அறையைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"தெரியல."

"உங்கம்மாவுக்கு?"

"தெரியாது."

அங்கியைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனார்.

நண்பகல் தொழுகை முடிந்து, முற்றத்தில் வைத்த பாடையின் முன்னால் இமாம் நின்றார். பெண்கள் சுவருக்கு இந்தப் பக்கம். பண்ணை முழுக்க வந்திருந்தது. வழக்கப்படி இமாம் கேட்டார், இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று.

"நல்லவர்," என்றது கூட்டம்.

இரண்டாம் முறை கேட்டார். நல்லவர் என்றார்கள். ஹக்நசரின் குரல் தனியாகத் தெரிந்தது. சயோரா சித்தப்பாவின் குரலுக்காகக் காதைக் கொடுத்திருந்தாள். அது வரவில்லை.

மூன்றாம் முறை. நல்லவர் என்று எல்லோரும் சொல்லி ஓய்ந்தார்கள். யாரோ செருமினார். இமாம் கையை உயர்த்தப் போகும் நேரத்தில், எல்லோருக்கும் பிறகு, ஒரே ஒரு குரல் உடைந்து வந்தது.

"நல்லவர்."

தன் உதடும் அசைந்ததை அவள் பிறகுதான் உணர்ந்தாள்.

பாடை வெளியேறியது. வாசலில் சனவ்பர் நின்றிருந்தார். இடுப்பில் கட்டிய அங்கிகளைச் சாலையிலிருந்தே பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சயோரா உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தாள். சுவரில் வைத்து எழுதினாள். செப்டம்பர் 3. நாற்பத்தொன்று, மூன்று பாத்திகள். தண்ணீர் பாய்ந்திருக்கிறது. 'நேரில் பார்த்தது' என்று சேர்த்தாள். எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது. திருத்தவில்லை. அப்படியே நீட்டினாள்.

சனவ்பர் படித்தார். பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினார்.

"இதுக்கு முன்னாடி எழுதினது?"

"எழுதினது நான். பாத்தது அவரு."

சனவ்பர் பதிவேட்டைத் தன் கைப்பைக்குள், கையெழுத்தாகாத தாள்களோடு வைத்து மூடினார்.

"போய் அம்மா பக்கத்துல உக்காரு," என்றார்.

இரண்டு மணிக்கு ஆண்கள் கல்லறையிலிருந்து கால்வாய்ப் பாதையில் திரும்பி வந்தார்கள். நெமத் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அவர் அங்கி இப்போது இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது.

அம்மாதான் முதலில் பார்த்தாள். "கெடச்சிடுச்சா?"

"கெடச்சது அண்ணி."

"எங்க கெடந்தது?"

"அவரு வேலை பாத்த எடத்துல."

அம்மா தலையாட்டினாள். நெமத் சயோராவின் பக்கம் திரும்பாமல் வரிசையில் போய் நின்றார். துணி இன்னும் நனைந்திருந்தது. அங்கியில் கையகலத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது. வெயிலில் மேல்விளிம்பு மட்டும் காயத் தொடங்கியிருந்தது. அந்தக் கோணல் பூவைச் சுற்றி உப்பு மெல்லிய வெள்ளைக் கோடாக ஏறிக்கொண்டிருந்தது.