ஆறடி நான்கு அங்குல கோச்

அவர் மனுப் போட்டிருந்தது நூலகர் வேலைக்குத்தான். நேர்முகத் தேர்வு நடந்த அறைக்குள் நுழையும்போது எவ்வளவோ குனிந்தும் நெற்றி வாசல் நிலையில் இடித்துவிட்டது. சத்தம் கேட்டு நிமிர்ந்த கல்லூரி முதல்வர், அந்த ஆறடி நான்கு அங்குலத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார்.

"பாஸ்கெட்பால் தெரியுமா?"

"பார்த்திருக்கேன் சார்."

"போதும். லைப்ரரிக்கு நேத்தே ஆள் போட்டாச்சு. பொண்ணுங்க டீமுக்குக் கோச் இல்ல. நாளைக்கே வந்துடுங்க."

கல்யாணமாகி இரண்டு மாதம். வேலையில்லாமல் மாமனார் வீட்டு வாசம். மாமனார் தினமும் செய்தித்தாளில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். வேறு வழி? தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

"அந்தப் பந்த என்னிக்காவது தொட்டிருக்கீங்களா?" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இனிமேதான் தொடணும்."

ஆளில்லாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்குப் போய் நாற்பது தடவை எறிந்தார். ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. ஒரு பந்து மட்டும் வேதியியல் ஆய்வகத்தின் ஜன்னலுக்குள் கச்சிதமாக விழுந்தது. மாணவிகள் கண்ணெதிரே இனிப் பந்தை எறிவதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்.

யாராவது குறி தவறினால், "ஏம்மா விழல?" என்று கேட்பார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. அவள் யோசித்து, "முட்டிய மடக்காம எறிஞ்சுட்டேன் சார்" என்பாள். "அப்ப மடக்கு" என்பார். வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

இப்படியே இருபத்தொன்பது வருஷம் ஓடியது. அணி ஏழு முறை கோப்பை வாங்கியது. மற்ற கோச்சுகள் தொண்டை கிழியக் கத்தும்போது இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்ற பயம்தான். "என்ன நிதானம்யா மனுஷனுக்கு!" என்று ஊரே மெச்சியது. எறிந்து காட்டச் சொன்னால் மட்டும் தோள்பட்டை வலி வந்துவிடும். ஒரு நாள் இடது தோள், ஒரு நாள் வலது.

ஓய்வு பெறும் நாளன்று மைதானத்திலேயே விழா. பழைய அணித்தலைவி ஒருத்தி, இப்போது பல் மருத்துவர், மைக்கைப் பிடித்தாள்.

"சார் இன்னிக்கு ஒரே ஒரு பந்து போடணும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. முன் வரிசையில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தோள்பட்டைல கொஞ்சம்..."

"போன வாரம் ஒத்த ஆளா பீரோவத் தூக்குனீங்களே சார்" என்றார் அவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கல்லூரி எழுத்தர்.

வேறு போக்கில்லாமல் எறிந்தார். பந்து பலகையையே தாண்டி மேடைக்குப் போய், தண்ணீர் ஜாடியை இப்போதைய முதல்வரின் மடியில் கவிழ்த்தது.

அவர் மைக்கை வாங்கினார். "எனக்கு இந்த ஆட்டம் ஆடத் தெரியாது. ஒரு தடவகூட விழுந்ததில்ல. இத்தனை வருஷமா உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்."

"முதல் வாரமே தெரியும் சார்" என்றாள் பல் மருத்துவர். "பந்தத் தூக்கிட்டு வந்தீங்க பாருங்க, அழற குழந்தைய யாரோ கைல திணிச்ச மாதிரி!"

"அப்ப ஏம்மா சொல்லல?"

"முந்தின கோச்சுக்கு எல்லாம் தெரியும், எங்கள வாயத் திறக்க விடமாட்டார். நீங்கதான் எங்ககிட்ட கேட்டீங்க. ஒவ்வொரு செட்டும் போகும்போது அடுத்த செட்டுகிட்ட சொல்லிட்டுத்தான் போவோம். சாருக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டா பொறுமையா சொல்லிக் குடுங்கன்னு."

அவருக்கு முகமெல்லாம் சூடேறியது.

முதல்வர் வேட்டியைப் பிழிந்துகொண்டே எழுந்தார். "புது ஆள் வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்களே இருந்தா என்ன?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார்" என்றாள் அவள். "வீட்ல இருந்தா என் சமையலக் கேள்வி கேப்பாரு."

மறுநாள் காலை மாணவிகள் அவரையும் வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். பதினோராம் நாள், ஒரு பந்து வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. எழுந்த கூச்சலைக் கேட்டு, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று காவலாளி வாளியோடு ஓடி வந்தார்.