படுக்க வைக்கச் சொன்ன பாட்டில்

கோபால் சித்தப்பா ஸ்க்ரூடிரைவரால் நெம்ப நெம்ப, தக்கை மேலே வராமல் பொடிப்பொடியாய் உள்ளே உதிர்ந்தது. பால் தெளிக்கக் கிளம்பும் அவசரம் அவருக்கு. செத்த அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் கூடையில் ஏறிவிட்டது: பீடிக்கட்டு, மசால்வடை, டீ. பாக்கி, அவர் கேட்டுக் கேட்டுக் குடிக்காமலே போன இந்த ஒயின்.

"இன்னா கவி, தக்கை இப்டி காஞ்சி கீது?"

கவிப்பிரியா ஒரு டம்ளரைக் கழுவி எடுத்து வந்து வைத்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன், ஒரகடம் ஃபேக்டரியில் அவள் வேலை செய்யும் லைனைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது. ஓக் மரப் பீப்பாயில் ஊறிய வெள்ளை ஒயின். இருட்டில், குளிர்ச்சியாக, படுக்க வைக்கச் சொன்னார். தக்கை நனைந்தே இருக்கணுமாம். மூன்று வருஷத்தில் மர வாசனை பழத்தோடு கலந்து தேன்போல ஆகும், அப்போது குடித்துவிடுங்கள் என்றார்.

அப்பா அண்ணாதுரை பேலட் கம்பெனியில், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளுக்குப் பலகை அடிப்பவர். மரம் என்றால் மூக்கை நீட்டிவிடுவார். "ஒரு மொடக்கு குடும்மா. இன்னா மரம்னு மோந்தே சொல்றேன்."

"இன்னும் ஆவட்டும்பா. அவசரப்படாத."

மிஞ்சிய பலகையில் பாட்டில் படுக்க ஒரு பெட்டியும் செய்து வந்தார். "இன்னாப்பா, சவப்பெட்டி மாதிரி கீது!" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். பெட்டிக்குள் வெங்காயம் போனது. பாட்டில், வருகிறவர் கண்ணில் படட்டும் என்று, வெயில் விழும் ஷோகேஸில் நிமிர்ந்து நின்றது. எலுமிச்சை நிறம் பொன்னாகி, பொன் கறுத்தபோது நன்றாக ஊறுகிறது என்றே நினைத்தாள் பாவி. போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டார். அதே பதில்தான். முந்தாநாள், ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டார்.

சித்தப்பா டம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். டிக்காஷன் நிறம். காடி நெடி. மர வாசனை மருந்துக்கும் இல்லை.

"கெட்டுப் பூட்ச்சிம்மா. பரவால்ல, எட்த்துனு போலாம். அண்ணனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அப்பாக்கு மோந்தாலே தெரியும், சித்தப்பா."

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெட்டியிலிருந்த வெங்காயத்தைத் தரையில் கொட்டினாள். சருகை ஊதித் தள்ளிவிட்டுப் பாட்டிலைப் படுக்க வைத்தாள். அளவு அவ்வளவு சரியாக இருந்தது.

"கெளம்பலாமா? வெயில் ஏறுது பாரு," என்றார் வாசலிலிருந்து சித்தப்பா.

தக்கையில்லாத வாயிலிருந்து ஒயின் வழிந்து பலகைக்குள் இறங்கியது. அவள் குனிந்தாள். நனைந்த பலகையிலிருந்து மர வாசனை வந்தது.